நூலகர் வலைப்பக்கம் செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கொருக்குப்பேட்டை நூலகி
பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் 14 வருடமாக நூலகர். கல்லூரித் தளத்தில் நூலகத்துக்கு இருப்பது ஒரே பக்கம், அதில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றால்கூட கடிதம் எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, தளத்தைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். போன செமஸ்டரில் திறக்கும் நேரத்தை எட்டிலிருந்து பத்து மணிக்கு மாற்றினோம். பக்கத்தில் மூன்று வாரம் எட்டு என்றே இருந்தது. எண்ணூரிலிருந்து ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, கன்டெய்னர் லாரி நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. நானே கற்றுக்கொண்டு செய்யலாமா? வயது 46. கூட வேலை செய்பவர்கள் "அது நம்ம வேலை இல்லை மேடம்" என்கிறார்கள்.

திருவொற்றியூர் வாசகசாலை
கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள் மேடம். நானும் நூலகர்தான், 50 வயதுக்கு மேல் ஆரம்பித்தேன். வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் என்பது இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போடுவதுதான், பட்டியல் அட்டையில் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று இடம் பிரித்து எழுதிப் பழகிய கைக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். எனக்குப் பெரிய பாடமாக இருந்தது எழுத்துரு. எங்கள் புது நூல் பட்டியல் முழுவதையும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள், அப்படியே ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றிய பிறகுதான் தேடினால் புத்தகம் கிடைத்தது. தளம் செய்துகொடுத்தவருக்குத் தமிழ்ப் பட்டியலை யாரும் தேடுவார்கள் என்ற நினைப்பே இல்லை, நமக்குத்தான் அது தெரியும். நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. படிக்கட்டில் உட்கார்ந்த பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் போயிற்றே!

தண்டையார்பேட்டைக்காரன்
நான் மாறுபடுகிறேன். பல கல்லூரிகளில் நூலகத்துக்கு ஒரே ஆள். புத்தகம் கொடுத்து வாங்குவது, இருப்புச் சரிபார்ப்பு, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டிக்கான கோப்பு எல்லாம் அவர் தலையில். இதையும் கற்றுக்கொண்டால் அட்மிஷன் விளம்பரம், ஆண்டுவிழா போட்டோ எல்லாம் மறுநாளே "மேடம், கொஞ்சம் ஏத்திடுங்க" என்று வந்து சேரும், நான் கண்ணால் பார்த்தது. கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நூலகப் பக்கம் மட்டும்தான் உங்கள் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடுங்கள். சர்வர், பாதுகாப்பு, பேக்கப் அந்த நிறுவனத்தின் வேலை, அதற்குத்தானே காசு வாங்குகிறார்கள்.

பெரம்பூர் செவிவாசகன்
எனக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் கணினியில் படிக்கிறேன். நூலக அறிவிப்புகளைப் பெரும்பாலும் ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள், என் கணினி "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நேரம் மாறியதா, விடுமுறையா, ஒன்றும் தெரியாது. அப்புறம் தலைப்பு. எச் விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம், ஆனால் முறைப்படி தலைப்பு என்று குறிக்காமல் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி மட்டும் வைத்தால் எனக்கு அது தலைப்பே இல்லை, பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். அக்கா, நீங்கள் கற்றுக்கொண்டால் இந்த இரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை நூலகி
எல்லோருக்கும் நன்றி. தம்பி, இப்போதுதான் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், நான்கு அறிவிப்பும் படம்தான், அதில் இரண்டு நானே ஸ்கேன் செய்து கொடுத்தவை. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது. எடிட்டர் என்ற அனுமதி கொடுத்தால் பக்கங்களையும் பதிவுகளையும் திருத்தலாம், தளத்தின் தோற்றமான தீம், கூடுதல் வசதிகளான பிளகின் பக்கம் கை போகாது என்று அந்த நிறுவனத்துப் பையன் சொன்னான். அதையும், நூலகப் பக்கம் மட்டும் என்பதையும் சேர்த்துத் திங்கட்கிழமை முதல்வரிடம் எழுதிக் கொடுக்கிறேன். கிடைத்ததும் முதலில் அந்த நான்கு அறிவிப்பையும் எழுத்தாக அடிக்கப் போகிறேன். தம்பி, அடித்து முடித்ததும் சொல்கிறேன், ஒரு தடவை கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.