உதவி தேவை: 2 அடி வள்ளம் பெரிய வள்ளமாகத் தெரியணும், பின்னால் நிற்கிற ஆட்கள் மங்கலாக வருகிறார்கள்

தங்கச்சிமடம்_வள்ளம்:
அவசரம். சித்தப்பா செதுக்கிய மாதிரி வள்ளத்தைக் கிட்டே வைத்து, பசங்களைத் தள்ளி நிற்கவைத்து, வள்ளத்துக்குள் ஆள் நிற்பது போல ஒரு படம் எடுக்கப் பார்க்கிறோம். வள்ளம் தெளிவாக இருந்தால் ஆட்கள் மங்கல். ஆட்களைத் தெளிவாக்கினால் வள்ளம் மங்கல். அதோடு ஆட்கள் வள்ளத்துக்குப் பொருந்தாமல் ராட்சத அளவில் இருக்கிறார்கள், கால் அந்தரத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கண்காட்சி, அதற்குள் படம் வேண்டும். என்ன செட்டிங் வைக்கணும்?

முத்துச்சிப்பி:
போனா, கேமராவா? அதைச் சொல்லாமல் செட்டிங் எப்படிச் சொல்வது தம்பி?

கச்சான்:
எந்தக் கடற்கரை? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மத்தியானம் என்றால் அது கானல். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் சூடான மணலுக்கு மேலே இருக்கிற காற்று வழியாகத்தான் பார்க்கிறீர்கள். தூரத்து ஆள் நெளிந்து மங்கலாகத்தான் வருவான். எந்த லென்ஸ் போட்டாலும் அது போகாது. காலையில் மணல் சூடேறும் முன் எடுங்கள்.

கீழக்கரை_கேமரா:
கானல் எல்லாம் அப்புறம். 55-250 மி.மீ. டெலி (தூர) லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். டெலி லென்ஸ் தூரத்தை அமுக்கிவிடும், முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். பாம்பன் பாலத்துக்குப் பின்னால் பெரிய நிலா எடுக்கிறார்களே, அதெல்லாம் இப்படித்தான்.

ஒளிமானி:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கேமரா என்ன, லென்ஸ் என்ன, லென்ஸ் துளை (எஃப் எண்) எவ்வளவு, வள்ளத்துக்கும் லென்ஸுக்கும் தூரம் எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று எதையும் சொல்லாமல் "என்ன செட்டிங்" என்று கேட்டால் யாரும் ஜோசியம்தான் சொல்ல முடியும். மேலே இரண்டு பேர் கேட்டும்விட்டார்கள். இந்தத் தளத்தில் குவிய ஆழம் (எவ்வளவு ஆழத்துக்குப் படம் தெளிவாக விழும் என்பது) பற்றி நான் எழுதிய பழைய இழைகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

முத்துச்சிப்பி:
அவசரம் என்று வந்த பையனைப் பழைய இழைக்கு அனுப்பாதீர்கள் சார். தம்பி, போன் இருந்தால் அதில் 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸில் ஒன்று எடுத்துப் பாருங்கள். அது மிகச் சின்ன லென்ஸ், கிட்டே உள்ளதும் எட்ட உள்ளதும் ஒன்றாகத் தெளிவாக வரும். 1எக்ஸ் லென்ஸில் வள்ளத்தைக் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

தங்கச்சிமடம்_வள்ளம்:
கேனான் 1500டி. கல்யாண வீட்டுப் படம் எடுக்கிற நண்பனிடம் வாங்கிய 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8-ல் வைத்து எடுத்தோம். 18-55 வீட்டில் இருக்கிறது, 50 தான் தெளிவு அதிகம் என்று நண்பன் சொன்னான். வள்ளம் லென்ஸிலிருந்து ஒன்றரை மீட்டர். பசங்க ஒரு ஆறு மீட்டரில். இடம் தனுஷ்கோடி, தென்கடல் பக்கம், பகல் பதினொரு மணி. வள்ளம் சரியாக 60 செ.மீ. நீளம், அசல் 36 அடி வள்ளத்தைச் சின்னதாக்கியது.

கச்சான்:
பதினொரு மணி! சொன்னேன் இல்லையா?

ஒளிமானி:
கானல் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மீட்டரில் ஓர் ஆளை இந்த அளவு மங்கலாக்க அது போதாது. இப்போது விவரம் வந்துவிட்டது, கேளுங்கள்.

50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து வைத்து ஒன்றரை மீட்டரில் குவித்தால், தெளிவாக விழுகிற பகுதி சுமார் 6 செ.மீ. ஆழம்தான். வள்ளம் கொஞ்சம் திரும்பி நின்றாலே அணியம் (முன்முனை) தெளிவாகவும் பின்பக்கம் மங்கலாகவும் போய்விடும். ஆறு மீட்டரில் நிற்கிறவனை அது எங்கே பிடிக்கும்? அந்த லென்ஸ் கல்யாணத்தில் பெண்ணின் முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைக்கச் செய்தது. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

வீட்டில் இருக்கிற 18-55ஐ எடுங்கள். 18-ல் வையுங்கள், எஃப் 11. கையால் குவித்து 1.5 மீட்டரில் நிறுத்தினால் முக்கால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் வரும். தானியங்கிக் குவிப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது வள்ளத்துக்கும் ஆளுக்கும் இடையே அலையும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் வேகம் 1/200 நொடி போதும். துளையை எஃப் 22 வரை இறுக்கவேண்டாம், ஒளி விளிம்பில் வளைந்து பரவி மொத்தப் படமும் மழுங்கும்.

கீழக்கரை_கேமரா:
18-ல் வைத்தால் ஆட்கள் எறும்பு அளவு போய்விடுவார்கள். அமுக்கம் வேண்டும் என்றால் டெலிதான்.

ஒளிமானி:
அமுக்குவது லென்ஸ் அல்ல, தூரம். ஒரே இடத்தில் நின்று 18-ல் ஒன்று, 55-ல் ஒன்று எடுங்கள். 18-ல் எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முன்னால் உள்ளதற்கும் பின்னால் உள்ளதற்கும் இருக்கும் விகிதம் இம்மியும் மாறியிருக்காது. இது தெரியாமல்தான் பாதிப் பேர் லென்ஸ் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

கீழக்கரை_கேமரா:
அப்படியானால் பாலத்துக்குப் பின்னால் நிலா பெரிதாக வருவது எப்படி? 50-ல் எடுத்தால் பொட்டு அளவுதானே வருகிறது?

ஒளிமானி:
நிலா எந்த லென்ஸிலும் வானத்தில் அரை பாகை அகலம்தான். அதன் விட்டத்தைப் போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. புதுப் பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம். அந்தப் பகுதி நிலாவின் அகலத்துக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்றால் நீங்கள் பாலத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் போனபின் பாலம் சின்னதாகிவிடும், அதனால் பெரிய லென்ஸ் தேவைப்படுகிறது. பாலத்தைச் சிறிதாக்கியது நீங்கள் தள்ளிப் போன தூரம், லென்ஸ் அதை வெட்டி எடுத்துக் கொடுத்தது.

கீழக்கரை_கேமரா:
கணக்கு சரி சார். நடைமுறையில் கையில் டெலி இல்லாமல் அந்தப் படம் கிடைக்காது என்பதும் சரிதானே. அதைத்தான் நானும் சொன்னேன்.

மண்டபம்_கரை:
நிலா விஷயத்துக்குத் தனி இழை போடுங்கள் கீழக்கரைக் காக்கா (அண்ணே). அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்க வேண்டும்.

தம்பி, உங்கள் பிரச்சினையில் பாதிதான் குவிப்பு. ராட்சத ஆள், அந்தரத்தில் கால் என்று சொன்னீர்களே, அதை யாரும் தொடவில்லை. செட்டிங்கை விட்டுவிட்டு முதலில் அளவு டேப்பை எடுங்கள்.

36 அடி வள்ளம் 60 செ.மீ. ஆகியிருக்கிறது என்றால் 18-ல் ஒரு பங்கு. அப்படியானால் அந்த வள்ளத்தில் ஏறவேண்டிய ஆள் 9 செ.மீ. உயரம்தான் தெரிய வேண்டும். ஒருவர் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார் என்பதை லென்ஸிலிருந்து அவருக்கு இருக்கும் தூரம்தான் முடிவு செய்கிறது. வள்ளம் 1 மீட்டரில் இருந்தால் ஆட்கள் 18 மீட்டரில் நிற்க வேண்டும். நீங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஆறு மீட்டர் வைத்தீர்கள், வெறும் 4 மடங்கு. ஆள் 40 செ.மீ. உயரத்தில் வந்து நின்றிருப்பான், அதுவும் 60 செ.மீ. வள்ளத்தில். 18 மி.மீ. லென்ஸில் 1 மீட்டரில் வைத்தால் வள்ளம் படத்தின் பாதி அகலத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் கடலும் வானமும் வரும்.

இனி கால். லென்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் உள்ள எல்லாமே, கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும், தொடுவானக் கோட்டில்தான் விழும். நீங்கள் நின்றபடி எடுத்திருப்பீர்கள். அதனால் வள்ளம் கீழே கிடக்கும், ஆளின் கால் அதற்கு மேலே எங்கேயோ மணலில் தெரியும். வள்ளத்தின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

தங்கச்சிமடம்_வள்ளம்:
நடுப்பகுதியில் 12 செ.மீ. அணியம் இன்னும் தூக்கலாக இருக்கும்.

மண்டபம்_கரை:
அப்படியானால் லென்ஸின் நடுப்புள்ளி 10 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். விளிம்பு அதைவிட 2 செ.மீ. மேலே. அந்த 2 செ.மீ. 1 மீட்டரில் இருப்பது 18 மீட்டரில் 36 செ.மீ. ஆகும், அதோடு லென்ஸின் 10. ஆக ஆட்களின் காலில் தரையிலிருந்து 46 செ.மீ. வரை மறைந்துவிடும், கிட்டத்தட்ட முழங்கால். வள்ளத்துக்குள் இறங்கி நிற்கிற ஆள் அப்படித்தானே தெரிவான். பாதத்தைத் தளத்தில் ஒட்டவைக்கிற தலைவலியே இல்லை. லென்ஸை அரை செ.மீ. ஏற்றி இறக்கினாலும் ஆள் மேலே கீழே போவான், அதனால் முக்காலி வேண்டாம். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி அதன்மேல் கேமராவை அமர்த்துங்கள். பையைத் தட்டித் தட்டி உயரத்தைச் சரிசெய்யலாம்.

உப்பளம்:
இடத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. பொலிவியாவில் ஊயூனி உப்புவெளிக்கு உலகம் முழுக்கப் போய் இந்த மாதிரிப் படம் எடுப்பது ஏன்? தரை ஒரே மட்டம், ஒரே வெள்ளை, தூரத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு மரம்கூட இல்லை. நம்ம பக்கம் வாலிநோக்கம் உப்பளத்தில் அனுமதி வாங்கி எடுங்கள், பாத்தி காய்ந்திருந்தால் அருமையாக வரும்.

முத்துச்சிப்பி:
வள்ளத்தை உப்பில் நிறுத்தினால் யார் நம்புவார்கள்? அதுக்குக் கடல் வேண்டாமா?

கச்சான்:
தனுஷ்கோடியும் வேண்டாம். இது கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம். தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், தரையில் வைத்த லென்ஸுக்குள் மணல் வாரி அடிக்கும். வடகடல் இப்போது குளம் போலக் கிடக்கும். அரியமானுக்குப் போங்கள், உச்சிப்புளியிலிருந்து உள்ளே. சவுக்குத் தோப்பு காற்றை மறைத்துக்கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்துவிட்டால் இதுவே தலைகீழ். அப்போது வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும்.

உப்பளம்:
அரியமானில் விடுமுறை நாளில் கூட்டம். பின்னால் ஐஸ்கிரீம் வண்டி வந்து நிற்கும்.

கச்சான்:
சூரியன் ஏறும் முன்னால் போனால் யார் இருக்கப்போகிறார்கள்? கானலும் இருக்காது.

ராம்நாடு_எடிட்டர்:
இவ்வளவு சிரமம் எதுக்கு ப்ரோ? வள்ளத்தை ஒன்று, ஆட்களை ஒன்று என்று தனித்தனியாகக் குவித்து எடுத்து ஒட்டிவிடலாம். இல்லையென்றால் ஏஐயில் போட்டால் ஒரு நிமிஷ வேலை.

தங்கச்சிமடம்_வள்ளம்:
சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் அண்ணே. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் செய்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வள்ளத்தின் பலகை ஒவ்வொன்றும் அவர் கையால் இழைத்தது. ஒரே அழுத்தலில் எடுத்தது என்று சொல்ல வேண்டும்.

முத்துச்சிப்பி:
சித்தப்பா சொல்வதுதான் சரி. அப்படிப்பட்ட வேலைக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட படம் நிற்காது.

அப்புறம் ஒரு விஷயம். மணலைக் கவனியுங்கள். கடற்கரையில் நண்டு வளை எங்கும் இருக்கும். வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வளை தெரிந்தால் பார்க்கிறவர் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். சிப்பி, கடற்பாசித் துணுக்கு, கால்தடம், அலை விட்டுப்போன வரி எல்லாமே அப்படித்தான். வள்ளத்தைச் சுற்றி ஒரு பலகையால் மட்டம் தட்டி, காய்ந்த மணலைச் சல்லடையில் சலித்துத் தூவிவிடுங்கள். வள்ளத்தின் அடி விளிம்பு மணலில் கொஞ்சம் புதைந்திருக்கட்டும்.

ஒளிமானி:
இது நல்ல யோசனை. நிழலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வள்ளத்தின் நிழலும் ஆட்களின் நிழலும் ஒரே பக்கம்தான் விழும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் காலைச் சூரியன் பக்கத்திலிருந்து வந்தால் ஆட்களின் நீண்ட நிழல் வள்ளத்துக்கு வெளியே மணலில் கிடந்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடும். மேகம் மூடிய நேரம் என்றால் நிழலே இல்லை. அப்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மணல் பையில் கேமரா அசையாமல் இருப்பதால் 1/60 கூடப் போதும், பசங்க அசையாமல் நின்றால் சரி.

கீழக்கரை_கேமரா:
ஆட்கள் 18 மீட்டரில் நின்றால் "கொஞ்சம் இடது பக்கம்" என்று கத்தினாலும் காற்றில் கேட்காது. போனில் பேசிக்கொள்ளுங்கள். ஆட்கள் நெருங்கி நிற்க வேண்டும். வள்ளத்தின் 60 செ.மீ. நீளம் அங்கே 11 மீட்டர். அந்த 11 மீட்டருக்குள்தான் அவர்கள் நிற்க இடம், இரண்டு முனையிலும் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட்டு எடுக்கும்போது பிடுங்கிவிடுங்கள்.

மண்டபம்_கரை:
காக்கா சொன்ன குச்சி யோசனை ரொம்ப உதவும். இன்னொன்று, எல்லாரும் ஒரே 18 மீட்டர் கோட்டில் நிற்கணும். ஒருவன் இரண்டு மீட்டர் முன்னால் வந்தாலும் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாகிவிடுவான்.

தங்கச்சிமடம்_வள்ளம்:
படம் வந்துவிட்டது. அரியமான், விடியற்காலை, 18-ல் எஃப் 11. லென்ஸ் 10 செ.மீ.-க்குக் கொஞ்சம் கீழே. பசங்க வலை இழுப்பது போல நின்றார்கள், கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் தொங்கவிட்டோம். சித்தப்பா பார்த்துவிட்டு எந்த ஊர் வள்ளம் என்று கேட்டார். எல்லாருக்கும் நன்றி. லென்ஸ் வளையம் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, மணல் போயிருக்குமோ?

ஒளிமானி:
வளையத்தைத் திருப்புவதை உடனே நிறுத்துங்கள். துணியால் துடைக்கவும் வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து ரப்பர் ஊதியால் வளையத்தின் இடுக்கில் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை. வாயால் ஊதினால் ஈரம் ஒட்டும். அப்படியும் சத்தம் போகவில்லை என்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள், உப்பு மணல் உள்ளே தங்கினால் அரித்துவிடும்.