உள்ளங்கால் முள்ளுக்கு மரப்பு ஊசி: செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உள்ளங்கால்ல உடைமுள் ஒடிஞ்சு வர்றவங்களுக்கு மரக்க விடாமலே கீறி எடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. "ஒரு குத்துக்கு எதுக்கு இன்னொரு குத்து?"ங்கிறாங்க. முனை வெளிய தெரியுற முள்ளுக்கு அது சரி. ஆழத்துல ஒடிஞ்சதுக்கு இல்ல.

மரக்க விடாம கீறுறதுக்கு நெஜக் காரணம் ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைதான். லிக்னோகெய்ன்ங்கிற மரப்பு மருந்தைப் போட்டு 5 நிமிஷமாவது நிக்கணும். நிக்காம கத்தி வச்சுட்டு மருந்து மேல பழி. சீழ் கட்டியிருந்தா அந்த இடம் அமிலமா இருக்கும், மருந்து நரம்புக்குள்ள சரியா இறங்காது. அதனால சீழுக்குள்ள குத்தாம, சுத்தி நல்ல தோல்ல போடணும். மரப்புக் களிம்பை 1 மணி நேரம் மூடி வச்சாலும் உள்ளங்கால் தோலுக்குப் பத்தாது.

பிள்ளைகளுக்கு அளவு முக்கியம். அட்ரினலின் சேராததுன்னா கிலோவுக்கு 4.5 மி.கி.தான் உச்சம். 2 சதவீத மருந்துல 1 மி.லி.க்கு 20 மி.கி.; அப்போ 12 கிலோ பிள்ளைக்கு 2.7 மி.லி.க்கு மேல கூடாது.

கேக்க வந்தது இதுதான். ஊசி போடும்போது வர்ற எரிச்சல் குறைய 1 சதவீத லிக்னோகெய்ன் 10 மி.லி.க்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 1 மி.லி. கலக்குறது உண்டு. கையில 7.5 சதவீத ஆம்பியூல்தான் இருக்கு. அதையே கலந்தவங்க உண்டா? கலங்கல் தட்டுச்சா? உள் கணுக்காலுக்குப் பின்னால உள்ளங்காலுக்குப் போற டிபியல் நரம்புல பிளாக் (நரம்பையே மரக்க வைக்கிற ஊசி) போட்டுட்டு, மரக்கிற வரைக்கும் வெளிய உக்கார வச்சு அடுத்தாளைப் பாக்குற முறை ஆரம்ப சுகாதார நிலையத்துல எங்கயாவது ஓடுதா?