மொரிஷியஸில் இருந்து வேலை: முதல் வருடம் கடலோரத்தில் வீடு வேண்டாம்

லேப்டாப்போடு மொரிஷியஸ் வரப்போகிறோம், எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கிராண்ட் பே, ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் என்ற இரண்டு பெயர்களோடுதான் வருகிறார்கள். இரண்டும் அழகான கடலோர ஊர்கள். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வருடம் உள்ளே, மேட்டுப்பகுதியில் இருங்கள். காத்ர் போர்ன், ரோஸ் ஹில், எபேன் பக்கம். தீவின் நீளமே சுமார் 65 கிலோமீட்டர்தான். காத்ர் போர்னிலிருந்து மேற்குக் கரைக்குக் காரில் அரை மணி நேரம். கடல் எங்கும் ஓடிவிடாது.

கடலோரத்து வாடகை சுற்றுலாப் பயணிகளைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை (இங்கே அதுதான் கோடை) அங்கே பகலில் ஏசி இல்லாமல் மீட்டிங்கில் உட்கார முடியாது. உப்புக்காற்றில் சாமான்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதற்காக ஒரேயடியாக க்யூர்பீப் வரை மேலே ஏறிவிடாதீர்கள். ஏறத்தாழ 550 மீட்டர் உயரம், ஓயாத மழை, துணி காயாது, சுவரில் பூஞ்சை வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காத்ர் போர்ன். மெட்ரோ ரயில் அங்கிருந்து ஒரு பக்கம் தலைநகர் போர்ட் லூயிஸ், மறுபக்கம் க்யூர்பீப் போகிறது. எனவே வந்த உடனே கார் வாங்க வேண்டிய அவசரம் இல்லை.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை இந்தத் தீவு நமக்கு ரொம்பவே தோது. சென்னையில் காலை 9.30 என்றால் இங்கே 8 மணி. சென்னை டீம் மாலை ஆறரைக்கு முடிக்கும்போது உங்களுக்கு ஐந்துதான். லண்டன் கம்பெனி என்றால் அவர்களுடைய காலை ஒன்பது மணி, அவர்களுக்குக் குளிர்காலமாக இருக்கும்போது இங்கே பகல் ஒரு மணி; அவர்களுடைய கோடையில் பன்னிரண்டு. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் யோசித்து வாருங்கள். நியூயார்க் ஆபீஸ் திறக்கும்போது இங்கே மாலை ஐந்தோ ஆறோ ஆகிவிடும்; குடும்பத்தோடு வந்தால் அது கஷ்டம்.

விசாவுக்கு வருவோம். 2020 இறுதியில் தொடங்கிய பிரீமியம் விசாதான் நமக்குப் பொருந்துவது. ஒரு வருடம், புதுப்பிக்கலாம். மாத வருமானம் குறைந்தது 1,500 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். வேலையும் வருமானமும் மொரிஷியஸுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளூர்க் கம்பெனிக்குச் சின்ன வேலைகூடச் செய்யக் கூடாது. விதிகள் மாறுவது உண்டு, அதனால் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 183 நாள் தாண்டினால் இங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவர் ஆகிவிடுவீர்கள். பிரீமியம் விசாக்காரர்கள் உள்ளூர் வங்கிக்குக் கொண்டுவரும் பணம் வரிக்கணக்கில் வரலாம். வெளிநாட்டு கார்டில் செலவழிப்பதை அப்படிக் கொண்டுவந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் சம்பளம் முழுவதையும் இங்கே மாற்றிவிடாதீர்கள். கிளம்பும் முன்பே ஆடிட்டரிடமும் உங்கள் எச்.ஆரிடமும் பேசிவிடுங்கள். கம்பெனிக்குச் சொல்லாமல் வந்து இங்கிருந்து லாகின் செய்வது வேண்டவே வேண்டாம்.

மருந்து விஷயத்தில் இந்த நாடு மிகவும் கண்டிப்பு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை போன்றவற்றை ஊரில் வாங்கிய பழக்கத்தில் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். டாக்டர் சீட்டு மட்டும் போதாமல் போகலாம். முன் அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இ-சிகரெட்டும் கூடாது.

இணையம் நன்றாகவே இருக்கிறது, ஃபைபர் கிடைக்கிறது. ஆனாலும் மை.டி, எம்டெல் என்ற இரண்டு கம்பெனிகளின் சிம்மும் வைத்திருங்கள், ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். காரணம் புயல். நவம்பர் முதல் மே நடு வரை சீசன். எச்சரிக்கை 1 முதல் 4 வரை ஏறும். மூன்று வந்தால் பஸ் நிற்கும், கடைகளும் ஆபீஸ்களும் மூடிவிடும், நீங்களும் வெளியே கால் வைக்கக் கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. முதல் எச்சரிக்கை வந்ததுமே பவர் பேங்க், குடிநீர், மெழுகுவர்த்தி எல்லாம் தயார் செய்துவிட்டு, கரண்ட் போகலாம் என்று மேனேஜருக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

அப்புறம், நம்மவர்கள். 1730களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் வந்தார்கள். அவர்களுடைய வாரிசுகளில் பெரும்பாலானோர் இன்று பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். "தமிழர்தானே, தமிழ் தெரியாதா?" என்று தயவுசெய்து யாரையும் கேட்காதீர்கள். வீட்டில் பேச்சு மாறிப்போன பின்பும் தலைமுறை தலைமுறையாகக் காவடியை விடாமல் வைத்திருக்கிறார்கள். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. இதெல்லாம் அவர்கள் கட்டிக்காத்தது. காத்ர் போர்னில் கோர் த கார்த் மலையடிவாரத்து முருகன் கோவிலுக்குப் போய், பரிமாறவோ பாத்திரம் கழுவவோ கூட நில்லுங்கள். ஒரே நாளில் ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். வாழை இலையில் ஏழு கறி போடுவார்கள், ரசமும் உண்டு. சந்தையில் கறிவேப்பிலைக்குக் 'கரிப்பூலே' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வீடு பார்க்கப் போகும்போது கடைசியாக ஒன்று: மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மழை குறைந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் குழாயில் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் வரும். தொட்டி இல்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.