புதிய மதர்போட்டில் பழைய வன்தட்டுகள்: எந்த இணைப்பு வகையைப் பார்த்து வாங்குவது?

கேள்வி – புதுக்குடியிருப்பு

வணக்கம். ஸ்டூடியோக் கணினிக்குப் புதிய மதர்போட் ஒன்றை வவுனியாவில் வாங்க எண்ணியுள்ளேன். திருமணப் படங்கள் நிறைந்த மெல்லிய கேபிளில் இணையும் சாட்டா வகை வன்தட்டுகள் (ஹார்ட் டிஸ்க்) இரண்டும், அகன்ற தட்டை நாடாக் கேபிளில் இயங்கும் பழைய வன்தட்டு ஒன்றும் என்னிடம் உள்ளன. கடையில் காட்டிய போட்டில் நான்கு சாட்டா இணைப்புகளும், சிறு அட்டை வடிவச் சேமிப்பகத்தை நேரே செருகும் எம்.2 ஸ்லொட் ஒன்றும் இருந்தன. இவை போதுமா? எம்.2 சாட்டாவை விட வேகமானதுதானா?

மறுமொழி – கிளிநொச்சி

எம்.2 என்றாலே வேகம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அந்த ஸ்லொட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டில்லாத சிப் சேமிப்பகம்) வரும், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற போட்டின் அதிவேகத் தரவுப் பாதை வழியே இயங்கும் என்விஎம்ஈ வகையும் வரும்; முன்னையது செக்கனுக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிட, பின்னையது பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் நான்கு பாதைகளிலேயே 3,500 மெகாபைட் வரை எட்டும். சில போட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டுமே ஏற்கும். அதைவிட முக்கியமாக, எம்.2 ஸ்லொட்டில் எதையாவது பொருத்தியதும் சாட்டா இணைப்புகளில் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும் போட்டுகள் பல உண்டு. அது பெட்டியில் எழுதப்பட்டிராது, கையேட்டில் சேமிப்பகப் பகுதியின் அடிக்குறிப்பாகவே இருக்கும். பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் வன்தட்டுகளுக்கு இன்றைய போட்டுகளிலுள்ள சாட்டா இணைப்பே போதும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் வன்தட்டு செக்கனுக்கு 250 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. 6 கிகாபிட் சாட்டாவோ 600 மெகாபைட் வரை கொண்டுசெல்லும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கையேட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். சாட்டா வகை எஸ்எஸ்டியை எம்.2இல் இட்டால் இரண்டாம் சாட்டா இணைப்பு இயங்காது என்றும், என்விஎம்ஈ இட்டால் நான்கும் இயங்கும் என்றும் உள்ளது. ஆகவே விண்டோஸுக்கு என்விஎம்ஈயையே எடுக்கிறேன். நாடாக் கேபிள் வன்தட்டை என்ன செய்வது?

மறுமொழி – மாங்குளம்

அது சாட்டாவுக்கு முந்திய 40 ஊசி ஐடிஈ வகை. இன்றைய போட்டுகளில் அதற்கு இடமில்லை. தனி மின்வழங்கியோடு வரும் ஐடிஈ–யூஎஸ்பி மாற்றியை வாங்குங்கள், ஏனெனில் மூன்றரை அங்குல வன்தட்டுக்குத் தேவையான 12 வோல்ட்டைச் சாதாரண யூஎஸ்பி இணைப்புத் தராது. வன்தட்டின் பின்புறமுள்ள ஜம்பரை (ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை) மாஸ்டர் (முதன்மை) நிலையில் வைத்து இணையுங்கள். பழைய கணினி இன்னும் இயங்குகிறதென்றால் மாற்றி வரும்வரை காத்திராமல் இன்றே படங்களைப் பிரதியெடுத்துவிடுங்கள். அவை அந்தக் குடும்பங்களிடமே இல்லாமலும் இருக்கலாம்.