“இதில் கச்சான் இல்லை” என்றார்கள்: உங்களுக்கு நடந்தது என்ன?

நல்லூரடியான்
திருவிழா நேரம். வெளிநாட்டிலிருந்து வந்த தங்கையின் மகனுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாது என்பதால் கொண்டைக்கடலை மட்டும் கேட்டேன். “இதில் கச்சான் இல்லைத் தம்பி” என்றார் கடைக்கார அம்மா. பொய்யில்லை. ஆனால் கச்சான் வறுத்த மணலில்தான் கடலையும் வறுபட்டது. கச்சான் அளந்த சுண்டால்தான் அளந்து சரையில் போட்டார். இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பான். நான் பார்த்துக்கொண்டிருக்கவே கீழுதடு தடித்து ஒருபக்கம் இழுத்தது, மூச்சு இரைத்தது. தங்கை கைப்பையைக் கொட்டி, கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியை எடுத்துக் காற்சட்டைக்கு மேலாகவே தொடையில் குத்திவிட்டாள். சுற்றி நின்றவர்கள் அவளைத்தான் ஏசினார்கள்: “பிள்ளையை ஏன் குத்துகிறாய்?”

வடமராட்சிப் பெண்
எனக்கு இறால். மாமி கூழிலிருந்து இறாலையெல்லாம் அகப்பையால் பொறுக்கி எடுத்துவிட்டு, “இனிக் குடி, கொதித்ததுதானே” என்று பிளாவை நீட்டினார். ஒரு மிடறில் தொண்டை அடைத்துவிட்டது. ஒவ்வாமை தரும் இறாலின் டிரோபோமயோசின் புரதம் கொதியில் அழியாது, சாற்றில் இறங்கிவிடும். நண்டிலும் அதே வகைதான்.

முன்னாள் ஆய்வுகூடக்காரன்
நல்லூரடியானே, கடைக்கார அம்மாவைக் கேட்டு என்ன பயன்? அவருக்கே தெரியாது. சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. உணவை இடித்துக் கரைசலில் கலக்கி, பட்டையைத் தோய்த்தால், ஒவ்வாத பொருள் இருக்குமானால் சில நிமிடங்களில் கோடு விழும். ஒரு கிலோவில் சில மில்லிகிராம் இருந்தாலும் காட்டும். அகப்பை, மேசை, தாச்சி எதையும் துடைத்தெடுத்துப் பார்க்கலாம். ஒரு பட்டை ஒரு பொருளுக்குத்தான்: கச்சானுக்கானது எள்ளைக் காட்டாது. அளவு மிகுந்தாலும் ஏமாற்றும். ஒருமுறை எள்ளுருண்டையைச் சோதித்தேன்; கண்ணெதிரே எள், பட்டையில் கோடே இல்லை! புரதம் அளவுக்கு மிஞ்சினால் கோடு மங்கிவிடும். இன்னும் கரைசல் சேர்த்து ஐதாக்கிப் பார்த்தபோது தடித்த கோடு. ஆகவே கோடில்லை என்றால் ஐதாக்கி மறுபடி பாருங்கள். ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் வரலாம். ஒவ்வாமைக் குளிசையை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

சுன்னாகத்தான்
ஐயா, அவர் கேட்டது அனுபவம், நீங்கள் நடத்தியது வகுப்பு. கலியாணப் பந்தியில் இலைக்கு முன்னால் பட்டை தோய்த்துக்கொண்டிருந்தால் சம்பந்தி என்ன நினைப்பார்? எனக்கு எள் ஆகாது. செக்கு நல்லெண்ணெயிலும் எள்ளின் புரதம் கிடக்கும் என்று சமையல்காரருக்குச் சொன்னேன். “எண்ணெய்தானே தம்பி, எள்ளில்லையே” என்று இட்டலிப் பொடியில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். அந்தப் பொடியிலேயே எள் இருந்தது.