சனிக்கிழமை வண்டி ஏறுமா?

வியாழன்

நான்: கோபி போயிட்டு இப்பத்தான் வந்தோம். முன்னாடி இடது சக்கரத்தில் கருகின வாசம். தண்ணி தெளிச்சா சுர்ருங்குது. மத்த மூணும் சும்மா இருக்கு. சனிக்கிழமை தாளவாடிக்கு திம்பம் மலை ஏறணுமே?

சித்தி கோபி: இங்கிருந்து கிளம்பும்போது நல்லாத்தானே இருந்தது

பெரியப்பா சென்னிமலை: தண்ணி ஊத்தாதே. சூட்டில் பிரேக் டிஸ்க் கோணிக்கும். டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பருக்குள், பேடைத் தள்ளுகிற பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர ரப்பர் சீல் இருக்கும். பெடலை மிதித்தால் பிஸ்டன் முன்னே போகும், சீலும் அதோடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்தால் முறுக்கு விட்டு பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். ஸ்பிரிங் எல்லாம் கிடையாது, அந்த ரப்பர்தான். அது கெட்டியானாலும், பிஸ்டனில் துரு ஏறினாலும் பேடு டிஸ்கில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மாமா பெருந்துறை: மச்சான் மூச்சு விடுங்க

பெரியப்பா சென்னிமலை: இன்னும் முடியலை மாப்ள. காலிப்பர் நகர்ந்து போகிற ரெண்டு பின்னும் இறுகியிருக்கலாம். அதையும் பார். புது டாட் 4 பிரேக் ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய ஆயில் 155லேயே கொதிக்கலாம். 27 வளைவு இறங்கும்போது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும்.

அம்மா: ஐயோ

மாமா பெருந்துறை: நீங்க டெப்போவுல பார்த்தது காத்து பிரேக், டிரம்முதானுங்களே

பெரியப்பா சென்னிமலை: அதிகாரிங்க காரெல்லாம் உங்கப்பாரு வந்து பார்த்தாரா?

தம்பி: பெரியப்பா, நானே கழட்டிடறேன். சீல் கிட் வாங்கியாச்சு. டீசல்ல கழுவிக்கலாமா?

பெரியப்பா சென்னிமலை: கூடவே கூடாது!! டீசல், பெட்ரோல், வீல் கிரீஸ் எதுவும் அந்த ரப்பரில் படக்கூடாது, உப்பிடும். புது பிரேக் ஆயிலைத் தடவிப் போடு. பின்னுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ். வலது பக்கமும் சேர்த்து மாத்து.

அத்தை தாளவாடி: அண்ணா, சனிக்கிழமை இருட்டறதுக்குள்ள வந்துருங்க. ராத்திரி திம்பத்துல விடமாட்டாங்க. ஞாயிறு வெடியால பால் காய்ச்சறோம். இங்க குளிரு, அம்மிச்சிக்கு ஸ்வெட்டர் எடுங்க. கோஸ் வேணும்னா சாக்கு கொண்டாங்க

சித்தி கோபி: கோஸ் எனக்கு ரெண்டு சாக்கு

அம்மா: சித்தி வண்டியில எல்லாரும் போயிட்டா?

சித்தி கோபி: அவர் சர்வீஸுக்கு விட்டிருக்காருங்க

மாமா பெருந்துறை: எப்பக் கேட்டாலும் சர்வீஸ்லதான் இருக்குது

சித்தி கோபி: போன தடவை டீசல் காசு யாரு குடுத்தாங்கன்னு கேளுங்க

அத்தை தாளவாடி: கோஸ் வேற யாருக்கு?

வெள்ளி

நான்: காலிப்பர் கையோட வந்துச்சு. பிஸ்டன்தான் அசையலை.

பெரியப்பா சென்னிமலை: ஹோஸைக் கழட்டிடாதே. ஹோஸில் தொங்கவும் விடாதே, கம்பி போட்டுக் கட்டு. எதிர்ப்பக்கம் ஒரு மரக்கட்டை வைத்துப் பெடலை மெதுவா மிதி, தானே வெளியே வரும். விரலை உள்ளே விடாதே.

தம்பி: வந்துருச்சு! படம் அனுப்பறேன்

நான்: விளிம்புகிட்ட கடுகு மாதிரி துரு. நகம் தட்டுது.

பெரியப்பா சென்னிமலை: நகம் தட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. பிஸ்டனே புதுசு. ஈரோட்டில் கேள்.

நான்: கேட்டாச்சு. நாளைக்கு மதியம் வரும்கறாங்க.

அம்மா: மதியம் வந்து, மாட்டி, எப்பக் கிளம்பறது? சீர்ச் சாமான் பஸ்ல ஏத்த முடியுமா?

மாமா பெருந்துறை: நான் சத்தி வரைக்கும் கொண்டாந்து விடறேன். அப்புறம் பார்க்கலாம்

பெரியப்பா சென்னிமலை: மாட்டினதும் பிரேக் ஆயிலில் புகுந்த ஏரை எடுக்கணும். பெடல் கெட்டியாகிற வரைக்கும் நின்ற இடத்திலேயே மிதி. அவசரத்தில் எடுத்துட்டுப் போயிடாதே.

தம்பி: பெரியப்பா, பிஸ்டன் வந்தப்ப ஆயில் பீச்சி ஃபெண்டர்ல அடிச்சுருச்சு

பெரியப்பா சென்னிமலை: பெயிண்டைத் தின்னுடும். தண்ணி ஊத்து. உடனே!

தம்பி: நேத்து ஊத்தாதேன்னீங்க

பெரியப்பா சென்னிமலை: ஊத்துடா!!

தம்பி: ஊத்தியாச்சு, ரெண்டு குடம்

அம்மா: எந்தக் குடம்? திண்ணையில இருந்த பித்தளைக் குடமா?

அம்மா: அத்தைக்குச் சீர் வைக்க நேத்துத்தான் புளி போட்டு விளக்கி வெச்சேன்

அத்தை தாளவாடி: அது பரவால்லைங்க. சாக்கு எத்தனை?