ஸ்கீ பயணத் திட்டம் போட்டவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைக்காரன்

பல நாள் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் புதுச்சேரி, கடலூர் பக்கம் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று தெரியும். ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். என் விஷயத்தை முதலில் கொட்டிவிடுகிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது.

பெரியப்பா மகன் லியோனில் இருக்கிறார். பிரான்சில் ஷமோனியில் கிளம்பி சுவிட்சர்லாந்தில் செர்மாட் வரை ஆல்ப்ஸ் மலையில் போகும் ஓத் ரூத் என்கிற பாதை, ஏப்ரல் மாதம். மலைக் குடில்களில் தங்கித் தங்கிப் போகிற வழி, தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அண்ணன் பென்சிலால் ஒரு பெரிய அட்டவணை போட்டிருந்தார். எந்த நாள் எந்தக் குடில், எத்தனை மீட்டர் ஏற்றம், எங்கே சாப்பாடு, எல்லாம் அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு கைடைப் பார்க்கப் போனோம். வயதானவர். மேப்பை விரித்து, வல்சொரே குடிலுக்கு மேலே இருக்கிற செங்குத்துச் சரிவில் விரலை வைத்தார். 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய இடம். "இங்கே எத்தனை மணிக்கு இருப்பீர்கள்?" என்று கேட்டார். "பத்தரை, பதினொன்று" என்றார் அண்ணன். வெயிலில் பனி இளகுகிற நேரம்.

கைடு பதில் சொல்லவில்லை. மேசையிலிருந்த ரப்பரை எடுத்தார். அட்டவணையில் அந்த வரியில் ஆரம்பித்து, செர்மாட் வரைக்கும் நிதானமாக அழித்தார். ரப்பர் தூளை உள்ளங்கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இதுவரைக்கும்தான் திட்டம். மிச்சத்தை அந்தக் குடிலில் விடியற்காலை மூன்று மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றார்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த ஆள் வேண்டாம் என்று வேறு கைடை வைத்து, வெர்பியே வழியாகச் சுற்றும் பாதையில் போய் வந்தோம். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த ரப்பர் தூள் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பெரியவர் எங்களை மட்டம் தட்டினாரா, காப்பாற்றப் பார்த்தாரா? அண்ணனிடம் இன்றைக்கும் இந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை.

திருப்பாப்புலியூர் சேகர்

மட்டம் தட்டினார் என்றுதான் சொல்வேன். பணம் கொடுத்து வருகிறவர்கள் உழைத்துப் போட்ட திட்டத்தை அப்படி அழிப்பது மரியாதை இல்லை. வாயால் சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் காஷ்மீரின் குல்மார்க். கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் மேலே போய், அஃபர்வத் முகட்டிலிருந்து பின்பக்கம் இறங்கி, கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை 3. மொத்தம் 5 படி, அதில் 3 என்றால் நடுவில்தானே. கிளம்பினோம்.

முகட்டில் ஒரு வெளிநாட்டுக் குழு எதிரே திரும்பி வந்தது. யாரும் எங்களிடம் பேசவில்லை. கடைசியாக வந்த பெண் மட்டும் நின்று, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். பீக்கன், அதாவது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி, இருக்கிறதா என்று கேட்கிறாள். எல்லோரும் தலையாட்டினோம். அவள் விடவில்லை. தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகத் தாண்டி நடக்கச் சொன்னாள். நான்காவது ஆள் போனபோது கருவி சத்தமே போடவில்லை. அவன் அதை ஆன் செய்யவே இல்லை. ஆன் ஆகும் வரை பக்கத்திலேயே நின்றாள், பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

முதுநகர் பையன்

சேகர் அண்ணே, அந்தப் பெண் விஷயம் படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் "3 என்றால் நடு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. முதலில் என் கதை.

அதே குல்மார்க்தான். மூன்று நாள் வழிக்கு ஒரு உள்ளூர் கைடு வந்தார், காஷ்மீரி, அதிகம் பேசாத மனிதர். முதல் நாளே நிறுத்தி, பனியில் நெஞ்சளவு குழி வெட்டினார். குழியின் சுவரில் முப்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு தூணைத் தனியாக அறுத்து, அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்தார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, அப்புறம் தோளிலிருந்து பத்து. அதுதான் முறை. இது தோள் வரைக்கும் போகவே இல்லை. மணிக்கட்டுத் தட்டு நாலைந்துதான் விழுந்திருக்கும், மேலே இருந்த கட்டி அப்படியே வழுக்கி என் மடியில் விழுந்தது.

விழுந்த இடத்துக்கு அடியில் கையை விடச் சொன்னார். விட்டேன். அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். மற்ற பனி கையில் உருண்டை பிடிக்கும், இது பிடிக்கவில்லை. மணி மணியாக விரலிடுக்கில் உதிர்ந்தது. மேலே அரை மீட்டர் கெட்டிப் பனி, அதைத் தாங்கிக்கொண்டிருந்தது இந்த உதிரி. சீசன் ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, அடியில் தரையின் சூட்டுக்கும் மேலே காற்றின் குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இப்படி மாறிவிடும் என்றார். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வெள்ளையாக, அழகாக இருக்கும். அவர் குழியை மூடிவிட்டு, நாங்கள் போவதாக இருந்த சரிவைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு மரங்கள் இருக்கிற சாய்வு குறைந்த பக்கமாகவே போனோம். 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் சரிவது அபூர்வம், 30லிருந்து 45 வரைதான் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது சேகர் அண்ணனுக்கு. எங்கள் துறைமுகத்தில் புயல் கூண்டு 11 வரை இருக்கிறது. 3ஆம் எண் ஏற்றினால் "பதினொன்றில் மூன்றுதானே" என்று யாராவது படகைத் தள்ளுவார்களா? தானே புயலைப் பார்த்த ஊர் அண்ணே இது. பனிச்சரிவு எச்சரிக்கை எண்ணும் படிக்குப் படி ஒரே அளவாக ஏறுவதில்லை, மேலே போகப் போக ஆபத்து மடங்கு மடங்காகக் கூடும். 4, 5 என்றால் எல்லோரும் அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். 3 என்றால் பல பேர் வெளியே கிளம்புவார்கள். அதனால் ஐரோப்பாவில் நிறைய பேர் சாவது 3 போட்ட நாளில்தான். அது மட்டுமில்லை, நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் கொடுக்கிற எச்சரிக்கை ஒரு மாவட்டம், ஒரு வட்டாரம் என்று பெரிய பரப்புக்கு. நீங்கள் நிற்கிற சரிவுக்கு இல்லை. 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அதே அஃபர்வத்தில் போலந்துக்காரர்கள் இரண்டு பேர் பனிச்சரிவில் இறந்ததை மறக்கக் கூடாது.

திருப்பாப்புலியூர் சேகர்

தம்பி, கடலோடு ஒப்பிடுவதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைடு நடந்துகொண்ட முறை வேறு விஷயம். ஆள் சரியாகவே சொல்லியிருந்தாலும், சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது.

நெய்வேலி 2ஆம் வட்டம்

சுருக்கமாக எழுதுகிறேன். ஓத் ரூத்தில் வின்யெட் குடில். நல்ல வெயில், வாசலில் பலகை மேடையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் பீன் தரோலா சிகரத்தின் பக்கமாகக் கையை நீட்டி, "அங்கேதான்" என்றார். 2018 ஏப்ரல் 29 இரவு, 14 பேர் புயலில் வழி தெரியாமல் வெளியிலேயே இரவைக் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள், கைடும் அதில் ஒருவர். அவர் காட்டிய பாறைகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. அரை கிலோமீட்டர் இருக்கும். நான் சூப்பை அப்படியே வைத்துவிட்டேன்.

லாஸ்பேட்டைக்காரரே, உங்கள் கைடு அழித்தது சரி. சேகர் சாருக்கு மரியாதை பெரிதாகப் படலாம், எனக்கு அந்தப் பாறைகள்தான் பெரிதாகப் படுகின்றன.

குருசுக்குப்பம் சொல்தா

பிள்ளைகளே, எனக்கு வயதாகிவிட்டது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறேன். ஒரு குளிர்காலப் பயிற்சி. இருட்டுகிற நேரம், கணவாய்க்கு இன்னும் தூரம் இருந்தது. ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற பட்டைதான் ஸ்கின். ஒரு பையனின் ஸ்கின் ஒட்டவே இல்லை, பசையில் பனி ஏறி உறைந்துவிட்டது. ஸ்கின் ஒட்டவில்லை என்றால் ஸ்கீயோடு மேலே ஏற முடியாது, ஒரு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் வழுக்கும். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். எங்கள் சார்ஜென்ட் தன் மேல்கோட்டைத் திறந்து, உள்ளே சட்டையோடு ஒட்டி வைத்திருந்த கூடுதல் ஜோடியை எடுத்துக் கொடுத்தார். சூடாக இருந்தது, உடனே ஒட்டியது. பையனின் உறைந்த ஜோடியைத் தன் நெஞ்சில் அந்த இடத்திலேயே வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்தக் குளிரில் பனிக்கட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். திட்டம் போடும்போது சின்னப் பிள்ளைகள் வழியைத்தான் பார்க்கிறார்கள், சாமானைப் பார்ப்பதில்லை.

அடுப்பு. வெறும் பியூட்டேன் கேஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, அடுப்பு எரியாமல் சும்மா இருக்கும். புரோப்பேன் கலந்த கேஸ் வேண்டும், கடுங்குளிருக்குப் பெட்ரோல் அடுப்பு இன்னும் நல்லது. கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்குத் தண்ணீர் என்றால் பனியை உருக்குவதுதான். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அப்புறம் பனியைப் போடுங்கள். வெறும் பாத்திரத்தில் போட்டால் அடி கருகித் தண்ணீரே தீய்ந்த வாடை அடிக்கும். ஆளுக்கு எத்தனை லிட்டர் தேவை, அதற்கு எவ்வளவு எரிபொருள் என்று ஊரிலேயே கணக்குப் போடுங்கள்.

பீக்கனுக்குக் கம்பெனி எந்த பேட்டரி சொல்கிறதோ அதுதான், ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள், சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று தப்பாகக் காட்டும். செல்போனைப் பீக்கனை விட்டு ஒரு சாண் தள்ளியே வையுங்கள், தேடும்போது இன்னும் தூரமாக.

ஜனவரியிலேயே போகலாமே என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓத் ரூத் வழியில் மார்ச் நடுவில்தான் குடில்களில் ஆள் வந்து சமையல் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் குளிர்கால அறை மட்டும் திறந்திருக்கும், எல்லாவற்றையும் நீங்களே முதுகில் சுமக்க வேண்டும். பகலும் குறைவு, பனியாற்றுப் பிளவுகளும் சரியாக மூடியிருக்காது.

அப்புறம் இன்சூரன்ஸ். பிரான்ஸ் பக்கம் மலை மீட்புக்குப் பொதுவாகக் காசு கேட்க மாட்டார்கள், சுவிஸ் எல்லையைத் தாண்டிவிட்டால் ஹெலிகாப்டர் பில் உங்கள் பேருக்கு வரும். வழியோ இரண்டு நாட்டிலும் போகிறது. உடம்புக்குச் செஞ்சிக் கோட்டை போதும், ராஜகிரியில் மூட்டையோடு ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் தொடைக்கு முக்கியம்.

வில்லியனூர் அம்மா

ஐயா எழுதியதெல்லாம் பயனுள்ளது. நான் ஸ்கீயைத் தொட்டதுகூட இல்லை, ஆனால் திட்டத்தில் நானும் ஒரு வரியாக இருந்தேன்.

மகள் கிரனோபிளில் படிக்கிறாள். மணாலிக்கு மேலே சில நாள் ஸ்கீ பயணம் போக நண்பர்களோடு வந்தாள். அங்கே எல்லோரும் கையில் வைத்துக்கொள்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவியை வேண்டாம் என்று விட்டுவிட்டு வரச் சொன்னது அவள் சிநேகிதன் ஒரு பையன். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் கையில் இருந்தாலே வழக்கு. 2025 ஜனவரியில் நம் புதுச்சேரி விமான நிலையத்திலேயே சாட்டிலைட் போனோடு ஒரு அமெரிக்கர் மாட்டினாரே. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிற வீட்டில் இதை முதலில் சொல்லிவையுங்கள்.

கருவி இல்லாததால் அந்தப் பையன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். "ஞாயிறு மாலை 6 மணிக்குள் போன் வரும். வராவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். திங்கள் காலை 10 மணிக்கும் வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்." கீழே வழி, தங்கும் இடம், கூடாரத்தின் நிறம், எல்லோருடைய இரத்த வகை.

நான் கேட்டேன், "ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் நான் என்ன தம்பி செய்யணும்?" அவன் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தான். "சாப்பிடுங்க ஆன்ட்டி. தூங்குங்க. நாங்க பனி சரியில்லன்னா ஒரு ராத்திரி அதிகமா உக்காந்திருப்போம். அந்த நேரத்த எங்களுக்குக் குடுங்க" என்றான்.

ஞாயிறு போன் வரவில்லை. நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. திங்கள் காலை எட்டு மணி வாக்கில் மகள் குரல் கேட்டது. புதுப் பனி விழுந்ததால் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். நான் பதறிப்போய்ப் போன் செய்து தேட ஆள் அனுப்பியிருந்தால், வருகிறவர்கள் அந்தச் சரிவுக்கு அடியிலேதான் வந்திருப்பார்கள். ஆன்ட்டி என்று கூப்பிட்ட அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்க வேண்டும்.

லாஸ்பேட்டைக்காரன்

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. அந்தப் பையன் தாளில் விட்ட இடைவெளியைத்தான் எங்கள் கைடு ரப்பரால் போட்டிருக்கிறார். அண்ணனுக்கு இதை அப்படியே அனுப்பப் போகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. சேகர் சார், உங்கள் நான்காவது ஆள் இப்போது பீக்கன் ஆன் செய்கிறாரா?

திருப்பாப்புலியூர் சேகர்

அவன் அதற்கப்புறம் மலைக்கே வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பெண் செய்த மாதிரியே வரிசையாக நடந்து சோதித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். பீக்கன் பயிற்சி இங்கேயே செய்ய வழி உண்டா? பனி இல்லாத ஊரில் என்ன செய்வது?

முதுநகர் பையன்

மணல் போதும் அண்ணே. 457 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு மணலும் பனியும் பெரிய வித்தியாசம் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பீக்கனைப் பையில் போட்டுக் கட்டிப் புதைப்போம், புதைத்தவன் தேடக் கூடாது. பெரும்பாலும் கருவி சீக்கிரம் இடத்தைக் காட்டிவிடும், நேரத்தைத் தின்பது தோண்டுவதுதான். பனியில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிற ஆளை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் அள்ள வேண்டும், பத்து நிமிடம் தாண்டினால் பிழைக்கிற வாய்ப்பு மளமளவென்று விழும். அதனால் ஆளுக்கு நேர் மேலே நின்று தோண்டாமல் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் வெட்டிப் போக வேண்டும். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் தள்ள, சீக்கிரம் சீக்கிரம் ஆள் மாற வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு நானும் இன்னும் சிலரும் அங்கே இருப்போம். பீக்கனும், குத்தித் தேடுகிற ப்ரோப் கம்பியும் என்னிடம் இருக்கின்றன. மண்வெட்டி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம், அலுமினியத் தகடாக இருக்கட்டும். சொல்தா ஐயாவை யாராவது வண்டியில் அழைத்து வந்தால் நன்றாக இருக்கும்.